பிஎஸ்பி 2000 செத்துப்போச்சு, தமிழ் எழுத்துரு போடப்போய் வந்த வினை (பச்சை லைட் வருது, திரை வரலை)

முட்டம்_அலை | சனி, இரவு 10.12
எல்லாருக்கும் வணக்கம். கறுப்பு பிஎஸ்பி 2000, சோனியின் கையடக்க கேம் கருவி. சித்தப்பா 2008-ல் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது எனக்கு வாங்கி வந்தது. நான் கேம் விளையாடுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, இப்போது அது அப்பாவுடையது. விசைப்படகில் போகும்போது பாட்டு கேட்க எடுத்துக்கொண்டு போவார், போன் சார்ஜ் தீர்ந்தால் கரையில் இருப்பவர்களோடு பேச முடியாது என்று போனில் பாட்டே போடமாட்டார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியாது. பாட்டுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பிஎஸ்பியில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. சரி, தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டுவிடலாம் என்று நெட்டில் கிடைத்த ஒரு பிஜிஎஃப் கோப்பை (பிஎஸ்பியின் எழுத்துரு வகை) எடுத்து, யூஎஸ்பியில் ஃபிளாஷ் 0-ஐ (கருவியின் உள் மென்பொருள் இருக்கும் பகுதி) திறந்து, ஃபாண்ட் போல்டரில் இருந்த எல்டிஎன்0 கோப்பின் மேல் காப்பி போட்டேன். பாதியில் அம்மா மிக்ஸி போட வந்து சார்ஜர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். பேட்டரி கிழடு, ப்ளக் போனதும் அதுவும் கண்ணை மூடிவிட்டது.

இப்போது சுவிட்சைத் தள்ளினால் பச்சை லைட் வருது, திரை கறுப்பு, கொஞ்ச நேரத்தில் லைட்டும் போய்விடுகிறது. நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன், போர்டு போச்சு, வேறு வாங்கிக்கோ என்றார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ல் முடிகிறது, அப்பா கடலுக்குப் போவதற்குள் சரியாக வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கோட்டாறு_சிப்ஸ் | சனி, இரவு 10.20
மிக்ஸி ஓடுற நேரத்துல ஃபிளாஷ் எழுதின முதல் ஆள் நீதான் மக்கா 😂

அப்டேட் கோப்பை மெமரி ஸ்டிக்கில் (பிஎஸ்பியின் மெமரி கார்டு) போட்டு ஓட்டிப் பார்த்தாயா?

தக்கலை_சால்டர் | சனி, இரவு 10.41
சிப்ஸ், அப்டேட்டை ஓட்ட மெனு வரணும். மெனுவே வராத கருவியில் எதை ஓட்டுவது?

தம்பி, கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பாதே, போர்டு போனால் வருகிற அறிகுறியே வேறு. மூன்று விஷயம் பார்த்துச் சொல். பச்சை லைட் எத்தனை நொடி நிற்கிறது? நிற்காமல் அணைந்தால் அது ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) சாவு. அணையாமல் நின்று திரை மட்டும் வராவிட்டால் ஹெட்போனைச் சொருகி அம்புக்குறியை அழுத்து, டிக் டிக் என்று கேட்டால் திரைதான் கெட்டிருக்கிறது, இந்த இழையே தேவையில்லை. ரெண்டாவது, பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் போட்டுப் பார். மூணாவது, ஆர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தள்ளு, ரெக்கவரி மெனு வந்தால் பிழைத்தாய்.

முட்டம்_அலை | சனி, இரவு 11.05
அஞ்சு நொடி இருக்கும், அப்புறம் அணைகிறது. சார்ஜரில் மட்டும் போட்டாலும் அதே. ஆர் பிடித்தும் ஒன்றும் வரவில்லை. ஹெட்போனிலும் சத்தமில்லை. மெமரி ஸ்டிக் லைட்டும் மினுக்கவில்லை.

தக்கலை_சால்டர் | சனி, இரவு 11.30
அப்போ முழுச் செங்கல், மென்பொருள் கெட்டு எழும்பாத கருவியை அப்படித்தான் சொல்வோம். ஏன் என்றும் தெரிந்துகொள், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு எதையாவது பிடுங்குவாய்.

பிஎஸ்பிக்குள் நேண்ட் என்று ஒரு நினைவகச் சிப் இருக்கிறது, 1000 மாடலில் 32 எம்பி, உன்னுடையதில் 64 எம்பி. அதில் முதலில் ஐபிஎல் என்று ஒரு சின்ன நிரல், அதற்குத் தனி இடம். அதன் வேலை ஃபிளாஷ் 0-க்குள் போய் மற்றக் கோப்புகளை எடுத்து எழுப்பிவிடுவது. நீ எழுத்துருவை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனதில் ஃபிளாஷ் 0-இன் கோப்பு அட்டவணையே கலைந்துபோயிருக்கும். எழுத்துரு மட்டும் கெட்டிருந்தால் ரெக்கவரியாவது வந்திருக்கும். ரெக்கவரியும் அதே ஃபிளாஷ் 0-க்குள்தானே குடியிருக்கிறது, வீடு இடிந்தபிறகு அந்த வீட்டு அலமாரியில் சாவி இருந்து என்ன பயன். ஐபிஎல் எழும்பி, தேடி, கிடைக்காமல் படுத்துவிடுகிறது. அந்த அஞ்சு நொடி அதுதான்.

பத்மநாபபுரம்_பழசு | ஞாயிறு, காலை 6.15
இதற்கு வழி இருக்கிறது. 2007-ல் வந்த பண்டோரா பேட்டரி.

சின்னவர்களுக்காக: பிஎஸ்பி பேட்டரிக்குள் ஒரு குட்டி சிப் உண்டு, அதில் ஒரு வரிசை எண். சுவிட்ச் போட்டதும் கருவி முதலில் பேட்டரியிடம் அந்த எண்ணைத்தான் கேட்கும். எண் எட்டு எஃப் ஆக (FFFFFFFF) இருந்தால், வந்திருப்பது சர்வீஸ் ஆள் என்று எடுத்துக்கொண்டு, நேண்டைத் தொடாமல் மெமரி ஸ்டிக்கிலிருந்து ஐபிஎல்லைப் படிக்கும். செத்த கருவிகளை எழுப்புவதற்காகத் தயாரித்தவர்களே வைத்திருந்த பின்வாசல் அது. 2007 ஆகஸ்டில் டார்க் அலெக்ஸ் என்ற ஹேக்கரும் கூட்டாளிகளும் அதை ஊருக்கே திறந்துவிட்டார்கள். அந்த வாரம் நான் தூங்கவே இல்லை, வேலைக்குப் போன இடத்தில் தூங்கினேன்.

ஆக உனக்கு வேண்டியது இரண்டு. எட்டு எஃப் எழுதிய பேட்டரி ஒன்று, ஐபிஎல் எழுதிய மெமரி ஸ்டிக் ஒன்று. அதை மேஜிக் ஸ்டிக் என்பார்கள். அதில் போடும் மென்பொருளின் பெயர் ஸ்பானிய மொழியில் சுடுகாட்டில் கண்விழிப்பது என்ற மாதிரி அர்த்தம் வரும், டெஸ்பெர்த்தார் டெல் செமென்டேரியோ. நாங்கள் டிசி என்போம், பதிப்பு 8 உனக்குப் போதும்.

முட்டம்_அலை | ஞாயிறு, காலை 8.50
நன்றி அண்ணே. வீடியோ ஒன்றில் பேட்டரியின் பிளாஸ்டிக்கைப் பிளந்து, உள்ளே இருக்கும் சிப்பின் ஐந்தாவது காலை பிளேடால் வெட்டினால் அதுவே பண்டோரா ஆகிவிடும் என்கிறார்கள். என்னிடம் பழைய பேட்டரி இருக்கிறது, பிளேடும் இருக்கிறது.

தக்கலை_சால்டர் | ஞாயிறு, காலை 8.58
வேண்டாம்.

வெட்டினால் வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் அது லித்தியம் செல், பிளேடு நுனி கொஞ்சம் வழுக்கி உறையைத் தொட்டால் என்ன ஆகும் என்று என் மேஜையில் இருக்கும் கருகல் சொல்லும். 2009-ல் பிளந்தேன், புஸ் என்று ஒரு சத்தம், நெயில் பாலிஷ் மாதிரி இனித்த நாற்றம், முற்றத்து மணலில் வீசி எறிவதற்குள் மேஜைவிரிப்பு போச்சு. அம்மை ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. உன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பார், தட்டையான மேஜையில் வைத்துச் சுண்டினால் பம்பரம் மாதிரிச் சுற்றக் கூடாது.

கோட்டாறு_சிப்ஸ் | ஞாயிறு, காலை 9.10
நெட்டில் புது பேட்டரி விலை குறைவாகக் கிடைக்குதே, அதை வாங்கி எட்டு எஃப் எழுதினால் ஆகாதா?

பத்மநாபபுரம்_பழசு | ஞாயிறு, காலை 9.34
அதில் பலபேர் விழுந்திருக்கிறார்கள். டூப்ளிகேட் பேட்டரிகளில் பலவற்றில் அந்தச் சிப்பில் எழுத முடியாது. எழுதியதுபோல் திரையில் காட்டும், படித்துப் பார்த்தால் பழைய எண்ணே நிற்கும். ஒரிஜினல் பேட்டரி வேண்டும், அதில் எழுத உயிரோடு ஒரு பிஎஸ்பி வேண்டும்.

குழித்துறை_ஆறு | ஞாயிறு, பகல் 1.22
உயிரோடு ஒன்று என்னிடம் இருக்கு. 1000 மாடல், 5.00 எம்33 (வெளியார் மாற்றி எழுதிய ஃபர்ம்வேர், கஸ்டம் ஃபர்ம்வேர் என்பது இதைத்தான்), ஒரிஜினல் 1800 எம்ஏஎச் பேட்டரி, உப்பவில்லை. உன் 2000-இலும் அது பொருந்தும், தடிமன் என்பதால் மூடி மட்டும் மூடாது. மூடி இல்லாமல் வைத்து ஓட்டலாம்.

தக்கலை_சால்டர் | ஞாயிறு, பகல் 1.40
அருமை. ஆனால் ஓடி வருவதற்கு முன் ஒரு கேள்வி, இது தப்பானால் ஞாயிற்றுக்கிழமை பஸ் சார்ஜ் வீண். 2000 மாடலில் டிஏ-088 வி3 என்று ஒரு போர்டு உண்டு. அதிலும் 3000 மாடலிலும் பின்வாசலைப் பூட்டிவிட்டார்கள், சாதாரண பண்டோரா செல்லாது. தம்பி, உன் கருவியை அணைத்து மறுபடி போட்டால் கஸ்டம் ஃபர்ம்வேர் தானாகவே வருமா, இல்லை ஒவ்வொரு தடவையும் அதை எழுப்ப ஃபாஸ்ட் ரெக்கவரி என்ற நிரலை ஓட்டினாயா? எந்தப் பதிப்பு?

முட்டம்_அலை | ஞாயிறு, பகல் 2.03
6.60 ப்ரோ-சி. தானாகவே வரும். காலேஜில் சீனியர் ஒருத்தர் அப்படிப் போட்டுக் கொடுத்தார், 2012 இருக்கும்.

தக்கலை_சால்டர் | ஞாயிறு, பகல் 2.11
முடிந்தது கதை. 6.60-இல் அப்படி நிரந்தரமாகப் போடும் முறை ஐபிஎல்லையே மாற்றி எழுதுவது, அது 1000-இலும் பழைய 2000 போர்டுகளிலும் மட்டும்தான் நடக்கும். வி3-யில் அது நடந்தே இருக்காது. (இன்ஃபினிட்டி என்று வேறொரு கஸ்டம் ஃபர்ம்வேர் முறை எல்லா மாடலிலும் நிரந்தரமாக நிற்கும், ஆனால் அது பிற்பாடு 6.61-க்கு வந்தது, இந்தக் கணக்கில் சேராது.) பின்பக்கம் ஸ்க்ரூ கழற்றாமலே போர்டு பார்த்தாச்சு.

இரணியல்_கைத்தறி | ஞாயிறு, பகல் 3.30
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 3000 இதே மாதிரி செங்கல்லாகக் கிடக்கிறது. அதற்கு வழியே இல்லையா?

பத்மநாபபுரம்_பழசு | ஞாயிறு, பகல் 4.02
ரொம்ப காலம் இல்லை, இப்போது இருக்கிறது. பேரியன் ஸ்வீப்பர் என்று தேடுங்கள். பேட்டரி முனையில் மூன்று தகடு இருக்கும், ஓரத்தில் இரண்டும் மின்சாரம், நடுவில் இருப்பதுதான் பேச்சு. அந்த நடுத் தகட்டில் யூஎஸ்பி சீரியல் அடாப்டரை மாட்டி, கம்ப்யூட்டரே பேட்டரி வேஷம் போட்டுக் கருவி கேட்கும் ரகசியக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். சால்டரிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. தனி இழை போடுங்கள், இதில் போட்டால் தம்பி குழம்பிவிடுவான்.

சுசீந்திரம்_இசைத்தூண் | ஞாயிறு, இரவு 9.45
எல்லாரும் கருவியை எழுப்புவதிலேயே இருக்கிறீர்கள், அவன் எதற்காக அதைச் செய்தான் என்று யாரும் கேட்கவில்லையே. எழுத்துரு நல்லபடியாக ஏறியிருந்தாலும் தமிழ் வந்திருக்காது.

யூனிகோடில் "கொ" என்பது க, அதன்பின் ஒகரக் குறி, இரண்டே குறியீடு. திரையில் எழுதும்போது அந்தக் குறியை இரண்டாக உடைத்து, கொம்பை க-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். போனும் கம்ப்யூட்டரும் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. பிஎஸ்பியின் எழுத்துரு முறைக்கு அந்த வேலை தெரியாது, ஒரு குறியீடு ஒரு படம், வரிசையாக அடுக்கும், அவ்வளவுதான். "செவ்வந்தி" என்று வைத்தால் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி எங்கே விழும் என்பது அதிர்ஷ்டம். உங்கள் அப்பா அதைப் படித்துவிட்டு உன்னைத்தான் கேட்பார், நீ படித்த தமிழ் இதுதானா என்று.

முட்டம்_அலை | ஞாயிறு, இரவு 10.20
அப்போ கருவியைச் சாகடித்த அந்தத் தப்பே வீண் தப்பா 😔

சுசீந்திரம்_இசைத்தூண் | ஞாயிறு, இரவு 10.37
எழுத்தை விடு, படத்தைப் பிடி. எம்பி3 கோப்புக்குள் அட்டைப்படம் வைக்கலாம் இல்லையா, பிஎஸ்பி அதைக் காட்டும். கம்ப்யூட்டரில் ஒரு சதுரப் படம் செய்து, வெள்ளைப் பின்னணியில் பெரிய தமிழ் எழுத்தில் பாட்டின் முதல் வரியை எழுதி, ஒவ்வொரு கோப்பிலும் டேகில் சேர்த்துவிடு. படமாக இருப்பதால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் வைத்த இடத்தில் நிற்கும். ஃபிளாஷைத் தொடவே வேண்டாம்.

கோட்டாறு_சிப்ஸ் | ஞாயிறு, இரவு 10.40
இதை சனிக்கிழமை சொல்லியிருக்கலாம்ல வோய்

குழித்துறை_ஆறு | புதன், இரவு 8.15
பேட்டரியில் எட்டு எஃப் எழுதியாச்சு. திரும்பப் படித்தும் பார்த்தேன், நிற்கிறது. 16 ஜிபி மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டு மேஜிக் ஸ்டிக்கும் ரெடி. வரும் ஞாயிறு தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கம் சால்டர் அண்ணன் கடையில் 11 மணிக்கு. அலை, நீ பழைய சோனி மெமரி ஸ்டிக் எது இருந்தாலும் எடுத்து வா, சின்ன அளவு என்றாலும் பரவாயில்லை.

முட்டம்_அலை | ஞாயிறு, இரவு 9.30
நடந்ததை எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

திங்கள்சந்தையில் பஸ் மாறித் தக்கலை போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. ஆறு அண்ணன் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏதோ லாரி நின்றதால் அரை மணி லேட். சால்டர் அண்ணன் கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வைத்திருந்தார், ஆனால் கருவியைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், எண்ணெய்க் கை தகட்டில் படக்கூடாதாம்.

முதல் முயற்சி தோல்வி. மேஜிக் ஸ்டிக்கைச் சொருகி, பண்டோரா பேட்டரியை வைத்ததும் சுவிட்சைத் தொடாமலே பச்சை லைட் தானாக எரிந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் லைட் அப்படியே நின்றது, மெமரி ஸ்டிக் லைட் மினுக்கவே இல்லை, திரையும் கறுப்பு. மூன்று தடவை கழற்றி மாட்டினோம், அதே. போர்டு வி3 ஆக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சால்டர் அண்ணன், இருக்காது, பேட்டரி பேசிவிட்டது, ஸ்டிக்தான் பேசவில்லை என்றார்.

ஆறு அண்ணனின் ஸ்டிக்குக்குப் பதிலாக நான் கொண்டுபோனதை எடுத்தோம். அது 2 ஜிபி ஒரிஜினல் ஸ்டிக், கருவியோடு கூடவே கடலுக்குப் போய் வந்தது. அதன் பின்புறத் தகடுகளைப் பார்த்தால் பொன்நிறம் மங்கி, ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. அப்பாவின் சட்டைப்பையில் உப்புக்காற்றில் கிடந்தால் வேறு எப்படி இருக்கும். சால்டர் அண்ணன் ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரை எடுத்து, முனையைப் பிளேடால் சின்ன சதுரமாக வெட்டி, ஒவ்வொரு தகடாக நீளவாக்கில் மட்டும் தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் தூள் பக்கத்துத் தகட்டுக்குப் போகும் என்று. அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தார், பஞ்சு பச்சையும் கறுப்புமாக வந்தது. பிஎஸ்பியின் பேட்டரிக் குழிக்குள் இருக்கும் மூன்று முனைக்கும் அதே சிகிச்சை. ஆறு அண்ணன் அவருடைய 1000-இல் அந்த 2 ஜிபியை ஃபார்மட் செய்து, ஐபிஎல்லை மறுபடி எழுதி, டிசியையும் 5.00 கோப்பையும் ஏற்றினார்.

மறுபடி வைத்தோம். பச்சை லைட். ஒரு நொடி. மெமரி ஸ்டிக்கின் ஆரஞ்சு லைட் படபடவென்று மினுக்கியது, திரையில் மெனு. மூன்று பேரும் சத்தமே போடவில்லை, ஆறு அண்ணன் மட்டும் மெதுவாக "வந்துட்டான்" என்றார். சார்ஜரையும் சொருகினோம். கடையில் மிக்ஸி இல்லை என்று உறுதி செய்தபிறகுதான் எக்ஸ் பொத்தானை அழுத்த விட்டார்கள்.

ஃபிளாஷை ஃபார்மட் செய்து, 5.00 எம்33 முழுசாக எழுதி முடித்தது. பண்டோராவை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் போட்டோம், மொழி கேட்டது, தேதி கேட்டது, மெனு வந்தது. வைஃபை முகவரியும் பழையபடியே இருக்கிறது.

தக்கலை_சால்டர் | ஞாயிறு, இரவு 10.05
அந்தக் கடைசி வரி முக்கியம். ஐடி ஸ்டோரேஜ் என்று நேண்டில் ஒரு பகுதி இருக்கிறது, வைஃபை முகவரி, ரீஜன் எல்லாம் அதில், ஒவ்வொரு கருவிக்கும் தனி. டிசி அதைத் தொடவில்லை, பிழைத்தாய். இதற்கிடையில் யாரோ எனக்குத் தனி மெசேஜில், என்னிடம் இருக்கும் நேண்ட் பேக்கப்பை அனுப்பட்டுமா, அப்படியே எழுதிவிடலாமே என்று கேட்டார். கூடவே கூடாது. அடுத்தவன் நேண்டை உன் கருவியில் எழுதுவது அடுத்தவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவது மாதிரி. இரவல் பேக்கப் எழுதியே செத்த கருவிகள் என் கடையில் ரெண்டு கிடக்கு.

பத்மநாபபுரம்_பழசு | ஞாயிறு, இரவு 10.18
5.00-இல் நிறுத்தினீர்களா, மேலே போனீர்களா?

குழித்துறை_ஆறு | ஞாயிறு, இரவு 10.32
மேலே போனோம். 6.60 அப்டேட் ஓட்ட சார்ஜரும் வேண்டும், நல்ல சார்ஜில் பேட்டரியும் வேண்டும். அலையின் பேட்டரி சதவீதமே காட்டவில்லை. அதனால் என் பேட்டரியை என் 1000-இல் வைத்து எட்டு எஃப்பை நீக்கிச் சாதாரணமாக்கி, சார்ஜ் ஏற்றி, மூடி இல்லாமல் அவனுடையதில் வைத்து ஓட்டினோம். பண்டோராவாகவே விட்டிருந்தால் கருவி ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் ஆள் வந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும், இயல்பாக எழும்பாது. பலபேர் இதை மறந்துவிட்டு, மறுபடி செத்துப்போச்சு என்று புலம்புவார்கள்.

அப்புறம் ப்ரோ-சி போட்டு, முதல் வேலையாக நேண்ட் பேக்கப் எடுத்து அவன் மெயிலுக்கே அனுப்பிவிட்டேன்.

இரணியல்_கைத்தறி | திங்கள், காலை 7.10
சால்டர் அண்ணே, 3000-ஐத் தூக்கிக்கொண்டு எப்போது வரட்டும்?

தக்கலை_சால்டர் | திங்கள், காலை 7.25
சீரியல் அடாப்டர் ஆர்டர் போட்டிருக்கேன். வந்ததும் சொல்றேன். பழம்பொரி உங்கள் செலவு.

முட்டம்_அலை | வெள்ளி, இரவு 8.48
இசைத்தூண் அண்ணன் சொன்னபடி 64 பாட்டுக்கும் படம் செய்து ஏற்றிவிட்டேன், ரெண்டு ராத்திரி ஆச்சு. அப்பாவிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, ஒவ்வொரு பாட்டாகத் தள்ளிக்கொண்டே போனார், ஒரு இடத்தில் நிறுத்தி "இதுல ற-வுக்குப் பதிலா ர போட்டிருக்க" என்றார். திருத்திக் கொடுத்துவிட்டேன். பேட்டரி புதுசு வாங்கியாச்சு, சும்மா ஓட்டத்தானே, டூப்ளிகேட் போதும்.

இப்போது கேட்கிறார், என்ஜின் சத்தத்தில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்ட முடியுமா என்று. ஃபிளாஷ் 0-இல் ஏதாவது மாற்றினால் வால்யூம் கூடும் என்று எங்கேயோ படித்தேன்

தக்கலை_சால்டர் | வெள்ளி, இரவு 8.49
டே! கையை எடு. செட்டிங்ஸில் சவுண்டுக்குள் ஏவிஎல்எஸ் (சத்தம் அளவு மீறாமல் தடுப்பது) ஆனில் இருக்கா பார், இருந்தால் ஆஃப் பண்ணு. அதுவும் போதாவிட்டால் ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கிக் கொடு.